ஆப்பு

பெயர் ஆப்போ. சேலத்தில் அது
பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.
முதல் ஆட்டத்திலேயே காந்தி ஸ்டேடியம் கேலரியில் ஒருவன்
"வைடா ஆப்பு!" என்று கத்த,
அடுத்த வாரம் போஸ்டரிலும் அப்படியே வந்துவிட்டது.
அர்த்தம் கேட்டான். சொன்னேன்:
மரத்தின் பிளவில் அடித்து இறக்கும் கட்டை. நகராது.
"என் வேலையும் அதுதான்" என்றான்.

முப்பத்தைந்து வயது, பின்லாந்து,
பதினாறு வருடம், முந்நூற்று நாற்பது ஆட்டம், ஐந்து கோல்.
"ஐந்துதானா?" என்றார் முதலாளி.
ஆத்தூர் ரோட்டில் மூன்று சேகோ மில் அவருக்கு;
மூட்டைக்கு மூட்டை எடை பார்ப்பவர்.
ஸ்டாப்பர் சார், என்றேன்.
விழாமல் போன கோலை
எந்தத் தராசில் ஏற்றிக் காட்டுவது?

மில் கெஸ்ட் ரூமில் தங்கவைத்தோம்.
புளித்த மரவள்ளி வாடைக்கு
இரண்டு நாள் மூக்கைப் பொத்தினான்,
மூன்றாம் நாள் மறந்துவிட்டான்.
ஆட்டம் முடிந்தால் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து
பாதிக் கட்டி ஐஸ் வரவேண்டும், கோணியில் சுற்றி.
அதன்மேல் முழங்காலை நீட்டிக்கொண்டு
இட்லி ஒன்பது சாப்பிடுவான்.
களத்தில் காயும் ஜவ்வரிசியைப் பார்த்து
ஒரு காலை முழுக்க நின்றான்.
பனி மாதிரி, என்றான்.
எங்கள் பனி வேறு, ஏற்காட்டில் காட்டுகிறேன், என்றேன்.

டிசம்பரில் மேலே ஓர் எஸ்டேட் டீமோடு ஆட்டம்.
வேனில் என் பக்கத்து சீட்டு.
கொண்டை ஊசி வளைவுக்கெல்லாம் நம்பர் பலகை இருக்கிறதே,
பலகைக்கு ஒரு கிளப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.
ஒன்று, சொந்த ஊர்; மீன் பெட்டி தூக்கிக்கொண்டே ஆடியது.
மூன்று, நல்ல சம்பளம், முழங்கால் போனது.
ஐந்தில் சைப்ரஸ்; நான்கு மாதப் பாக்கி இன்னும் வரவில்லை.
ஆறு, பெஞ்ச். ஏழு, பெஞ்ச், விவாகரத்து.
எட்டில் சென்னை.
ஒன்பதாவது பலகை வந்ததும்
விரலால் வேன் கூரையைத் தட்டினான்.
பாக்கி பதினொன்றுக்கும் பேச்சில்லை.
பின்சீட்டில் கோலி சகாயநாதன் மட்டும்
ஜன்னலுக்கு வெளியே தலைவைத்து வாந்தியெடுத்துக்கொண்டு வந்தான்.

இரண்டாம் பாதியில் பனி இறங்கியது.
சில்வர் ஓக் மரங்கள் போயின, கோல் போஸ்ட் போனது,
என் ஷூ இருந்தது.
அடுத்த ஞாயிறு மிளகு பறிப்பு, இன்றைக்கே முடிக்கணும்,
என்றார் ரெஃப்ரி எங்கிருந்தோ.
பந்து வரும் சத்தம் மட்டும்.
காலருகே அது தெரிந்த நொடியில்
பின்னாலிருந்து ஆப்பு: "வுடு!"

விட்டேன்.

மூன்று மாதமாக நாங்கள் கத்துவதைக் கேட்டிருக்கிறான்,
"அடிச்சு வுடு, அடிச்சு வுடு."
வாலை மட்டும் பிடித்துக்கொண்டான்.
பந்து என்னைத் தாண்டி, அவனைத் தாண்டி,
எங்கேயோ இருந்த வலைக்குள் போனது.
எஸ்டேட்காரர்கள் கூவிய பிறகுதான் சகாயநாதனுக்கே தெரியும்.
ஆப்பு கையைத் தூக்கி நின்றான்,
தப்பு என்னுடையது என்று,
மூன்றடிக்கு மேல் யாருக்கும் கண் தெரியாத இடத்தில்.

மார்ச்சில் காண்ட்ராக்ட் முடிந்தது.
எந்தச் சங்கத்திலும் எங்களைப் பதிந்ததில்லை, ஆகவே
அவன் கணக்கில் கிளப் எட்டுதான்.
எட்டுக்குக் கீழே ஒரு கோடு, ஓய்வு என்ற சொல்.
எங்களோடு இருந்த ஆறு மாதம்
அவன் எங்கேயும் இல்லை.

ஆனால் மாமாங்கத்தில் கடைசி ஆட்டம்:
எண்பதாவது நிமிடம், தர்மபுரிக்காரன் தனியாக ஓடுகிறான்,
அந்த முழங்கால் குறுக்கே சறுக்கி விழுகிறது.
பந்து வெளியே.
புல் கிடையாது அந்த மைதானத்தில்.
ராத்திரி அவன் தொடையிலிருந்து ஊசியால் கல் எடுத்தேன்.
எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக விழுந்தது.
என்ன கல் இது, இவ்வளவு வெள்ளை, என்றான்.
வெள்ளைக்கல். இங்கே மலையே அதுதான், வெட்டி விற்கிறோம்.
கழுவி, ஒன்றை மட்டும்
சோப்பு டப்பாவில் போட்டுக்கொண்டான்.